நாளும் தாளும்

நாட்குறிப்பு ஒன்று கிடைத்தால், அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதையே வாசகரும் ஆய்வாளரும் முதலில் தேடுவது இயல்பு; எழுத்தைத் தாங்கிய தாளும், தாளைப் பிணைத்த தையலும், தையலைக் காத்த அட்டையும் நூலகப் பட்டியலில் ஓரிரு வரிகளோடு நின்றுவிடுகின்றன. ஆனால் எழுதத் தொடங்குபவர் முதல் சொல்லை எழுதுவதற்கு முன்பே அவருக்காக ஒரு முடிவு எடுக்கப்பட்டுவிடுகிறது. ஒரு நாளுக்கு எவ்வளவு இடம் என்பதே அம்முடிவு. அதைப் பஞ்சாங்கம் கணிப்பவர் எடுத்திருக்கலாம், அச்சகம் எடுத்திருக்கலாம், தாளை மடித்துத் தைத்துத் தன் ஏட்டைத் தானே கட்டிக்கொண்டவர் தாமே எடுத்திருக்கலாம். இம்மூன்றில் எது நேர்ந்தது என்பதைப் பொறுத்து, நாள் என்றால் என்ன, அதில் எழுதத் தக்கது எது என்ற எண்ணமே மாறிவிடுகிறது என்பதைச் சில நாட்குறிப்புகளின் வழியே காட்டுவது இக்கட்டுரையின் நோக்கம்.

‘ஏடு’ என்ற சொல்லிலிருந்து தொடங்குவது பொருத்தம். பனையோலையின் ஒற்றை இதழைக் குறித்த அச்சொல், ஓலை மறைந்து காகிதம் வந்த பின்னும் மறையாமல், பேரேடு, பதிவேடு, குறிப்பேடு, நாளேடு, கையேடு என்று காகிதப் புத்தகங்களின் பெயர்களுக்குள் குடியேறிவிட்டது. ஓலைச்சுவடியில் தையல் கிடையாது. துளையிட்ட ஓலைகள் கயிற்றில் கோக்கப்பட்டு, இரு சட்டங்களுக்கிடையே கட்டப்பட்டன. ஆகவே ஓலையை இடையில் சேர்க்கலாம், உருவலாம், வரிசை மாற்றலாம். மடித்துத் தைத்த காகித ஏட்டில் அது நடவாது. ஒரு தாளைக் கிழித்தால் மடிப்பின் மறுபக்கத்தில் இருக்கும் அதன் இணைத்தாளும் தளர்ந்து விழும். நேற்றும் இன்றும் ஒரே நூலால் பிணைக்கப்படுவதால், தைத்த ஏடு எழுதியவரிடமிருந்தே எழுத்தைக் காக்கும் இயல்புடையது.

நாளுக்கு இடத்தை முன்கூட்டியே அளந்து வைத்த ஏடுகளில் மிகப் பழையனவற்றுள் ஒன்று ஜப்பானில் உள்ளது. ஹெயான் காலத்தில் அரசவையின் பெரும் அதிகாரியாக விளங்கிய ஃபுஜிவாரா நோ மிச்சினாகா, 998 முதல் 1021 வரையிலான தம் குறிப்புகளை எழுதியது வெற்றுத் தாளில் அன்று, பஞ்சாங்கச் சுருளில். அக்காலத்து அரசவைப் பஞ்சாங்கம் அரையாண்டுக்கு ஒரு சுருளாகத் தயாரிக்கப்பட்டது. ஒவ்வொரு நாளின் திதி, செய்யத் தக்கது, விலக்கத் தக்கது ஆகியவற்றைக் குறித்த வரிகளுக்குப் பிறகு இரண்டு வரி அளவுக்கு வெற்றிடம் விடப்பட்டிருக்கும். அவ்விரண்டு வரிகளில்தான் மிச்சினாகா எழுதினார். சடங்கும் விருந்தும் நிகழ்ந்த பெரிய நாள்களில் அந்த இடம் போதாமல் போனபோது, சுருளைத் திருப்பி அதன் பின்புறத்தில் தொடர்ந்தார். அவர் கைப்பட எழுதிய 14 சுருள்கள் கியோத்தோவின் யோமேய் புன்கோ என்னும் ஆவணக்காப்பகத்தில் இன்றும் இருக்கின்றன. 2013இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் அவை இடம்பெற்றன. நாள் நல்லதா கெட்டதா என்று முன்பே எழுதப்பட்ட தீர்ப்புக்குக் கீழே, அந்நாளில் உண்மையில் நடந்ததை ஒருவர் எழுதிவைக்கிறார் என்பதே இந்த ஆவணத்தின் வியப்பு. முன்புறம் காலத்துக்கு உரியதாகவும், பின்புறம் மனிதருக்கு உரியதாகவும் அச்சுருள் தானாகப் பிரிந்துகொண்டது.

அளந்து தரப்பட்ட நாள் வணிகப் பொருளானது அதற்கு எண்ணூறு ஆண்டுகளுக்குப் பிறகு. லண்டன் ராயல் எக்ஸ்சேஞ்சில் எழுதுபொருள் கடை நடத்திய ஜான் லெட்ஸ், 1812இல் தேதி அச்சிட்ட டைரியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். வணிகருக்கு வேண்டியதெல்லாம் வரப்போகும் தவணைகளையும் கப்பல் வரவுகளையும் குறித்துவைக்க ஓர் இடம். அதற்கு அந்த டைரி மிகவும் ஏற்றது. அது நடந்ததை எழுதும் ஏடு என்பதைக் காட்டிலும் நடக்கவிருப்பதை எழுதும் ஏடு. ஆனால் எல்லா நாளுக்கும் சம அளவு இடம் என்ற அதன் முறை, பிற்காலத்தில் அந்தரங்கக் குறிப்புக்கும் பொது விதியாகிவிட்டது. ஜனவரியில் ஆர்வத்தோடு தொடங்கப்படும் டைரி மார்ச்சில் நின்றுபோவதற்கு எழுதுபவரின் சோம்பலைக் காரணம் சொல்வது வழக்கம். அச்சிட்ட தேதிக்குக் கீழே காலியாகக் கிடக்கும் பக்கம் குற்றச்சாட்டாக நிற்பதும் அதற்குச் சமமான காரணம் என்று கொள்வதே நியாயம். தேதி அச்சிடாத ஏட்டில் விட்டுப்போன நாள் கண்ணுக்குத் தெரிவதில்லை.

தமிழில் நாட்குறிப்பு என்றதும் நினைவுக்கு வரும் ஆனந்தரங்கப் பிள்ளையின் எழுத்து, இந்த இரு வகைக்கும் வெளியே நிற்கிறது. 1709இல் சென்னைக்கு அருகிலிருந்த பெரம்பூரில் பிறந்து, புதுச்சேரியில் பிரெஞ்சுக் கம்பெனியின் வணிகத்தில் வளர்ந்து, ஆளுநர் துய்ப்ளெக்சின் தலைமைத் துபாஷியான பிள்ளை, 1736 செப்டம்பரில் தொடங்கி 1761 ஜனவரி வரை, இடைவெளிகள் இருந்தபோதிலும், கால் நூற்றாண்டு எழுதினார். துபாஷி என்பவர் இரு மொழி அறிந்து, அயல்நாட்டாருக்கும் உள்ளூராருக்கும் இடையே பேச்சையும் சரக்கையும் பணத்தையும் கடத்துபவர். கணக்கு எழுதுவது அவர் தொழிலின் மூச்சு. அவர் தம் நாள்களை எழுதியதும் பெரிய கணக்குப் புத்தகங்களில்தான்.

கணக்குப் புத்தகம் என்ற உடல் அவருடைய எழுத்துக்கு எவற்றைக் கொடுத்தது என்பது கூர்ந்து பார்க்கத் தக்கது. தமிழ்க் கணக்கெழுத்தில் நாளுக்கு ௳, மாதத்துக்கு ௴, வருடத்துக்கு ௵ என்று தனிக் குறிகள் உண்டு. பற்றுக்கு ௶, வரவுக்கு ௷ என்ற குறிகளும் அதே வரிசையில் நிற்கின்றன. காலத்தைக் குறிக்கும் எழுத்தும் கடனைக் குறிக்கும் எழுத்தும் ஒரே கையிலிருந்து, ஒரே விசையில் பிறப்பவை. பிள்ளையின் பதிவு ஒவ்வொன்றும் தமிழ் வருடப் பெயர், மாதம், தேதி ஆகியவற்றோடும், ஐரோப்பியத் தேதியோடும் கிழமையோடும் தொடங்குகிறது. சம்பவம் நிகழ்ந்த வேளையும் பல இடங்களில் குறிக்கப்படுகிறது. கோட்டையில் எத்தனை குண்டு போட்டு மரியாதை செய்தார்கள், யார் யாருக்கு எத்தனை வராகன் கொடுத்தார்கள், எந்தக் கப்பல் எந்தத் துறையிலிருந்து வந்தது என்றெல்லாம் அவர் எண்ணிச் சொல்வதைக் கண்டு, இவர் உள்மனதைத் திறக்கவில்லையே என்று குறைப்படுபவர்கள் உண்டு. அந்தக் குறை பொருந்தாது. மரியாதையைக் குண்டுகளால் அளந்த ஓர் ஊரில் குண்டுகளை எண்ணுவதே மனதைச் சொல்லும் வழி. தமக்கு உரிய மதிப்பு கிடைத்த நாளும் குறைந்த நாளும் அந்த எண்ணிக்கைகளுக்குள்ளேயே தெரிகின்றன.

கணக்குப் புத்தகம் தந்த இன்னொரு கொடை, அளவின் சுதந்திரம். பேரேட்டில் நாளுக்கென்று கட்டம் கிடையாது. ஒரு நாளில் ஐந்து வரவு இருந்தால் ஐந்து வரி, ஐம்பது இருந்தால் ஐம்பது வரி, எதுவும் இல்லையென்றால் அடுத்த நாள் அதன் கீழேயே தொடங்கும். 1748 செப்டம்பரில், ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்த நாள்களில் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டபோது, பிள்ளையின் எழுத்து வணிகக் குறிப்பின் வேகத்தை விட்டு விலகி, யார் வந்து முறையிட்டார்கள், தாம் என்ன சொன்னார், எது எவ்வாறு உடைபட்டது என்று விரிகிறது. அச்சிட்ட டைரி ஒன்றின் ஒரு பக்கத்துக்குள் அந்நாளை அடைத்திருந்தால் கிடைத்திருக்கக்கூடியது செய்தி மட்டுமே. இப்போது கிடைப்பது ஒரு சாட்சியம். 1846இல் கல்லுவா மோன்ப்ரேன் இந்த ஏடுகளைக் கண்டறிந்தார். 1904 முதல் 1928 வரை சென்னை அரசு 12 தொகுதிகளாக ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டது. புதுச்சேரியில் பிள்ளைக்குப் பின்னும் இந்த மரபு அறுபடவில்லை. இரண்டாம் வீராநாயக்கர் 1778 முதல் 1792 வரையிலும், பிள்ளையின் குடும்பத்தைச் சேர்ந்த முத்து விஜய திருவேங்கடம் பிள்ளை 1794 முதல் 1796 வரையிலும் குறிப்புகள் எழுதியிருக்கிறார்கள்.

அமெரிக்காவின் கான்கார்டு ஊரில் ஹென்றி டேவிட் தோரோ 1837 அக்டோபர் 22 தொடங்கி 1861 நவம்பர் வரை எழுதிய நாட்குறிப்பும் கட்டமற்ற வெற்று ஏடுகளில் எழுதப்பட்டதே. சுமார் இருபது லட்சம் சொற்கள் கொண்டது. தோரோவின் குடும்பத் தொழில் பென்சில் செய்வது. காட்டில் நடக்கும்போது பென்சிலால் கிறுக்கிக்கொண்டதை வீடு திரும்பி ஏட்டில் விரித்து எழுதுவது அவர் வழக்கம். தொடக்க கால ஏடுகளிலிருந்து தாள்களை வெட்டி எடுத்துத் தம் நூல்களுக்குப் பயன்படுத்தியவர், பிற்காலத்தில் அவ்வாறு வெட்டுவதை நிறுத்தி, ஏட்டை முழுமையான படைப்பாகவே பேணினார். ஏடுகளை வைக்கப் பைன் மரத்தில் ஒரு பெட்டியையும் தம் கையாலேயே செய்தார். பெட்டியும் ஏடுகளில் பெரும்பாலானவையும் நியூயார்க்கின் மார்கன் நூலகத்தில் உள்ளன.

இனி, ஏட்டைக் கட்டும் வேலையையே அருகில் வைத்துப் பார்க்கலாம். கையால் கட்டும் ஏட்டின் அடிப்படை அலகைத் தமிழ்நாட்டு அச்சுத்தொழிலில் பாரம் என்பார்கள். அச்சகத்தில் அது எட்டு அல்லது பதினாறு பக்கமாக மடிக்கப்படும் பெருந்தாளைக் குறிக்கும். வீட்டில் ஏடு கட்டுபவருக்கு, நடுவில் மடித்து ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிய தாள்களின் கொத்தே பாரம். நான்கு தாளை மடித்துச் செருகினால் எட்டு இதழ், பதினாறு பக்கம். மடிப்பதற்கு முன் தாளின் நார் ஓடும் திசையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். தாளை மடிக்காமல் நீளவாட்டிலும் அகலவாட்டிலும் மெல்ல வளைத்துப் பார்த்தால், எந்தப் பக்கம் எதிர்ப்பின்றி வளைகிறதோ அந்த மடிப்புக்கோட்டின் வழியே நார் ஓடுகிறது என்று பொருள். நாரோடு சேர்த்து மடித்தால் மடிப்பு கத்திபோல் அமையும். நாருக்குக் குறுக்கே மடித்தால் விளிம்பு வெடிக்கும், ஏடு விறைத்துக்கொண்டு மூடிக்கொள்ளும். கடையில் விற்கும் ஏ4 தாளில் நார் பெரும்பாலும் நீளவாட்டில் ஓடுவதால், அதைப் பாதியாக மடித்துக் கட்டும் ஏடு எழுதும்போது கையோடு ஒத்துழைக்காமல் சண்டையிடுகிறது. வீட்டில் ஏடு கட்ட முயன்று கைவிட்டவர்களில் பலர், குற்றம் தாளின் திசையில் இருந்ததை அறியாமல் தங்கள் கையையே நொந்துகொண்டிருப்பார்கள்.

மடித்த பாரத்தை விரித்து, மடிப்பின் உட்புறத்திலிருந்து குத்தூசியால் ஐந்து துளைகள் இடப்படுகின்றன. தேன்மெழுகில் இழுத்த நூல், மெழுகில்லாத நூலைப்போல் தாளை அறுக்காது, முடிச்சும் நழுவாது. ஊசி முதல் பாரத்தின் உள்ளே நுழைந்து வெளியே வந்து, அடுத்த பாரத்துக்குள் போய், திரும்பும்போது முந்தைய பாரத்தின் தையலைக் கொக்கிபோல் வளைத்துப் பிடித்துக்கொண்டு மேலேறுகிறது. எகிப்தின் தொடக்ககாலக் கிறித்தவர்களான கோப்டியர்களின் ஏடுகளில் காணப்படுவதால் கோப்டியத் தையல் என்று பெயர் பெற்ற இம்முறையில் முதுகுக்குப் பசை தேவையில்லை. ஏடு எந்தப் பக்கத்திலும் முழுத் தட்டையாக விரியும். எழுதுபவருக்கு இதனால் கிடைப்பது, மடிப்பின் அருகே கை தடுக்காமல் வரி முடியும் வரை ஓடும் வசதி. முதுகை ஒட்டிக் காலிகோ துணி போர்த்தும் நம்மூர் பைண்டிங் முறை இதைவிட உறுதியானது. மைதாப் பசையில் மயில்துத்தம் கலந்து பூச்சி அரிக்காமல் காப்பது பைண்டர்களின் பழைய வழக்கம். அதற்கு விலையாக ஏடு அவ்வளவு தட்டையாக விரிவதில்லை. நெடுங்காலம் நிற்பதா, எளிதில் விரிவதா என்ற தேர்வு கட்டுபவர் முன் எப்போதும் நிற்கிறது.

கட்டின் உறுதி வரலாற்றுக்கு எவ்வளவு முக்கியம் என்பதற்கு எதிர்த்திசையிலிருந்து ஒரு சான்று உண்டு. 1942 ஜூன் 12இல், பதின்மூன்றாம் பிறந்தநாளுக்கு ஆன் ஃபிராங்குக்குக் கிடைத்தது கட்டம்போட்ட அட்டையுடைய கையொப்ப ஆல்பம். அது நிரம்பியதும் பள்ளிக் குறிப்பேடுகளில் தொடர்ந்தார். போர் முடிந்ததும் குடிமக்களின் நாட்குறிப்புகள் திரட்டப்படும் என்று 1944 மார்ச் 28இல் நாடு கடந்து இயங்கிய டச்சு அரசின் அமைச்சர் வானொலியில் சொன்னதைக் கேட்டு, முன்பு எழுதியதையெல்லாம் தனித்தாள்களில் திருத்தி எழுதத் தொடங்கினார். ஆகஸ்ட் 4இல், அவரும் குடும்பத்தாரும் ஒளிந்து வாழ்ந்த மறைவிடம் சோதனையிடப்பட்டபோது தாள்கள் சிதறின. அவர்களுக்கு உதவி வந்த பெண்கள் அவற்றைத் திரட்டிக் காத்தார்கள். 1943ஆம் ஆண்டுக்குரிய மூலக் குறிப்பேடுகள் கிடைக்கவில்லை. அந்த ஆண்டை உலகம் அறிவது தைக்கப்படாத அந்தத் தாள்களின் வழியாகத்தான். தைத்த ஏடு தொலைந்து தனித்தாள் தப்பிய இந்நிகழ்வு, காப்பது நூல் மட்டுமன்று, பொறுக்கி எடுக்கும் கையும் என்பதைக் காட்டுகிறது.

ஏட்டைத் தானே ஆக்கிக்கொள்வது ஓய்வும் வசதியும் உள்ளவர்களின் பொழுதுபோக்கு என்று எண்ணுவதற்கும் இடமில்லை. பிரேசிலின் சாவ் பாவ்லோ நகரத்துக் கனிந்தே சேரியில் தகரமும் பலகையும் கொண்டு கட்டிய குடிசையில் மூன்று பிள்ளைகளோடு வாழ்ந்த கரோலினா மரியா ஜி ஜேசுஸ், தெருவில் பழைய காகிதம் பொறுக்கி விற்றுப் பிழைத்தவர். பொறுக்கிய குவியலில் வெற்றுப் பக்கம் மிஞ்சிய குறிப்பேடுகள் கிடைத்தால் அவற்றை விற்காமல் ஒதுக்கி வைத்து, அவற்றிலேயே பசியையும் அண்டைவீட்டுச் சண்டையையும் அன்றைய வருமானத்தையும் எழுதினார். 1958இல் செய்தி சேகரிக்க அந்தச் சேரிக்கு வந்த பத்திரிகையாளர் ஆவ்தாலியோ தாந்தாஸ் அந்தக் குறிப்பேடுகளைப் பார்த்தார்; 1960இல் அவை நூலாயின. எடைக்குப் போட்டால் காசாகும் தாளை எழுதுவதற்காக வைத்துக்கொள்வது, அன்றைய உணவில் ஒரு பங்கை விட்டுக்கொடுப்பது. நாளுக்கு எவ்வளவு தாள் என்ற கேள்விக்கு இவ்வளவு விலை கொடுத்து விடை சொன்னவர் அரிது.

எழுதுவதும் கட்டுவதும் ஒரே கையில் கூடியதற்கு மிகத் தெளிவான சான்று வர்ஜீனியா வுல்ஃப். 1882இல் பிறந்த அவர், இருபது வயதை ஒட்டிய ஆண்டுகளில் புத்தகக் கட்டுமானம் கற்று, தம் வீட்டுப் புத்தகங்களைத் தாமே கட்டிப் பழகினார். 1917இல் கணவர் லெனர்டும் அவரும் ஒரு சிறிய கையச்சு இயந்திரத்தை வாங்கி, ரிச்மண்டில் தாங்கள் குடியிருந்த ஹோகார்த் இல்லத்தின் உணவறையில் நிறுவினார்கள். லெனர்டுக்குக் கை நடுங்கும் என்பதால் எழுத்துக் கோப்பது வர்ஜீனியாவின் பொறுப்பாயிற்று. அட்டையைத் தைப்பதையும் இருவரும் வீட்டிலேயே செய்தார்கள். அவ்வாண்டு ஜூலையில் வந்த முதல் வெளியீடு சுமார் 150 பிரதிகள் மட்டுமே.

அவருடைய நாட்குறிப்பின் உடல் மாறியதும் இந்த வேலையோடு ஒட்டியே. தொடக்கத்தில் துளையிட்ட தனித்தாள்களை எஃகு வளையங்களில் கோத்து எழுதியவர், பின்னர் வெற்றுத்தாளைக் கட்டுவித்த ஏடுகளுக்கு மாறினார். தாளை மொத்தமாக வாங்கி, ஹோகார்த் அச்சகத்தின் கவிதை நூல்களுக்குப் போர்த்திய அதே இத்தாலிய வண்ணக் காகிதத்தை அட்டையின் மேல் ஒட்டி ஏடாக்கினார்கள் என்று லெனர்டு பதிவு செய்திருக்கிறார். அந்த ஏடுகளில் அச்சிட்ட தேதி இல்லை. வர்ஜீனியா நாள்தோறும் எழுதியவரும் அல்லர்; தேநீருக்குப் பின் கிடைக்கும் அரைமணி நேரத்தில் விரைந்து எழுதுவார், பல நாள்களை விட்டுவிடுவார், ஒரு மாலைப் பேச்சுக்குப் பல பக்கம் கொடுப்பார். 1919 ஏப்ரல் 20 அன்று, எத்தகைய நாட்குறிப்பு தமக்கு வேண்டும் என்று யோசிக்கும்போது, எதை வேண்டுமானாலும் ஆராயாமல் போட்டுவைத்து, சில ஆண்டுகள் கழித்துத் திறந்து பார்க்கத் தக்க ஒரு பழைய ஆழமான மேசையாக அதை உருவகித்துக்கொள்கிறார். கட்டம் போட்ட டைரியில் அந்த எண்ணம் தோன்றியிருக்காது என்று சொல்லத் துணியலாம். தம் அச்சகத்தில் பிறருடைய கவிதைக்கு என்ன அட்டை போட்டார்களோ அதையே யாருக்கும் காட்டாத எழுத்துக்கும் போட்டார்கள் என்பது, அந்த எழுத்துக்கு அவர் எந்த இடம் கொடுத்தார் என்பதைச் சொல்லாமல் சொல்கிறது. கடைசிப் பதிவு 1941 மார்ச் 24ஆம் தேதியது. நான்கு நாள்களில் இறந்தார்.

ஆனால் அவருடைய கட்டுமான வேட்கை அச்சகத்தில் பிறந்ததன்று. 1899 கோடையில், பதினேழாம் வயதில், குடும்பத்தோடு ஹண்டிங்டன்ஷயரின் வார்பாய்ஸ் சிற்றூரில் தங்கியிருந்தபோது எழுதிய குறிப்புகளுக்கு ஓர் உறை தேடினார். அருகிலிருந்த செயின்ட் ஐவ்ஸ் ஊரில் பழைய புத்தகம் ஒன்று கிடைத்தது. அது ஐசக் வாட்ஸ் என்னும் இறையியலாளர் எழுதிய, அறிவைச் சரிவரப் பயன்படுத்தும் முறையைக் கற்பிக்கும் தர்க்க நூல். அதன் உள்ளடக்கத்துக்காக அவர் அதை வாங்கவில்லை. தோல் கட்டும் அதன் கம்பீரமும் பிடித்துப்போயிற்று. தம் குறிப்புத் தாள்களை எடுத்து அந்த நூலின் பக்கங்கள் மேல் ஒட்டிவிட்டார். நியூயார்க் பொது நூலகத்தின் பெர்க் தொகுப்பில் இன்று இருக்கும் அந்த ஏட்டை வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது பதினெட்டாம் நூற்றாண்டு ஆசிரியர் ஒருவரின் தர்க்க நூலாகவே தோன்றும். திறந்தால், அச்சிட்ட விதிகளின் மேல், கோடை விடுமுறையில் இருந்த ஒரு பெண்ணின் நெருக்கமான கையெழுத்து ஒட்டியிருக்கும்.